எங்கே போகணும் என்று யாரும் கேட்கவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூவுகிற பஸ் முதலில் கிளம்பாது. கண் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். "ராஜபாளையம், ராஜபாளையம், இந்தா எடுக்கப்போறோம், ஏறு ஏறு" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால், அந்த பிரைவேட் பஸ்ஸில் இன்னும் பாதி சீட்டு காலி என்று அர்த்தம். டிரைவர் டீக்கடையில் இருப்பார். உண்மையிலேயே எடுக்கப்போகிற கவர்மென்ட் பஸ் நாலு வண்டி தள்ளிச் சத்தம் காட்டாமல் நிற்கும். அதன் கண்டக்டர் படியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார். அவர் எதற்குக் கூவ வேண்டும்? ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரமானால் வண்டியை எடுத்துவிடுவார்கள். அதனால் நாமெல்லாம் கூவுகிறவனைத் தாண்டிப் போய், டிரைவர் சீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறுவோம்.

எட்டிப் பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? சத்தம் வருகிற பக்கம் போவார். அங்கே போனால் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிள்ளைகளா, பஸ் ஸ்டாண்டில் நான் யாரிடமாவது சத்தம் போட்டால் நீங்கள் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பார்வையில்லாத ஒரு பெரியவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன ஆளை நான் மறித்தேன். அப்பாவுக்கு எதுக்கு ஊர் வம்பு என்று உங்கள் அம்மாவும் கேட்டாள். எனக்கு வாயால் விளக்க வராது. பேசப் பேசக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். எட்டாவதோடு நின்ற படிப்புதான் என்றாலும் எழுதினால் கொஞ்சம் நிதானமாக வருகிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. உங்களில் ஒருவர் தொட்டிலில், இன்னொருவர் பால்வாடியில். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வயர்மேன். வீடு இங்கே, வேலை அங்கே. ரயிலும் இருந்தது. ஆனால் காலையில் வேலை நேரத்துக்குத் தோதான வண்டி கிடையாது, ஸ்டேஷனும் ஊரை விட்டுத் தள்ளி. பஸ்தான் கதி.

அந்தச் சமயத்தில் மில் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்க்க ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, டெலிபோன் வேலைக்குப் பயிற்சியும் எடுத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். உங்களுக்கு அத்தை முறை. அதனால் அத்தை என்றே எழுதுகிறேன்.

அத்தை வேலைக்குச் சேர்ந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். போர்டில் அழைப்பு வந்தால் சின்ன பல்பு எரியும். பல்பு எரிந்து அத்தைக்கு என்ன பயன்? ஒவ்வொரு லைனுக்கும் வேறு வேறு சத்தம் வருகிற மாதிரி பஸ்ஸர் மாட்டச் சொன்னார். மாட்டினேன். அரை நாள் வேலை. அத்தை உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினார். அதற்கப்புறம் அந்தப் போர்டைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மில்லுக்குள் அரை நாளில் முடிந்த காரியம் பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்கானாலும் முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அத்தையின் அப்பா தையல்காரர். கோயில் பக்கம் ஒரு கடை வாசலில் மிஷின் போட்டிருந்தார். தினமும் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்து மில் கேட்டில் விட்டுவிட்டு, திரும்பிப் போய் மிஷினைத் திறப்பார். சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு மறுபடி வருவார். அளவு கொடுக்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். பாவம், மனுஷன் எத்தனை நாள் இப்படி அலைவார்? ஒரு நாள் மில் கேட்டில் வைத்து, என் முன்னாலேயே மகளிடம் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தன்னால போக வரத் தெரிஞ்சுக்கிட்டா வேலைக்குப் போ. இல்லைன்னா பேசாம வீட்டுல இரு. ஒனக்கு ஒரு வாய் சோறு போட எனக்கு வக்கு இருக்கு."

அத்தை கையிலிருந்த மடக்குக் கம்பை மடக்கினார், பிறகு விரித்தார். மறுபடியும் மடக்கினார். "சோத்துக்காகவா நான் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மேனேஜரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் இங்கிலீஷ். எங்களிடம் மட்டும் இரண்டும் கலந்த ஒரு தமிழ். போர்டில் ஒன்பது மணிக்கு ஆள் இருக்க வேண்டும், பம்பாய் போன் எல்லாம் அப்போதுதான் வரும், தாமதம் கூடினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒன்பது மணி மில்லில் தீர்மானமாகவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தீர்மானமானது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நீங்களே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு ஷிப்டு மாறி மாறி வரும். ஒரு வாரம் விடியலில் போவேன், ஒரு வாரம் மதியம். காலை ஒன்பது மணிப் பகல் ஷிப்டு வருகிற வாரம் மட்டும் அத்தையின் நேரமும் என் நேரமும் ஒன்று. அப்போதுகூட அத்தை ஒப்பவில்லை. "நீங்க கூட வந்தா அது தனியா வந்த கணக்கு ஆகாது அண்ணாச்சி. எங்க அப்பாவுக்குப் பதிலா நீங்க, அம்புட்டுதானே" என்றார். பாளையங்கோட்டையில் கம்பைத் தட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் தனியாகப் போய் வந்தவர் அவர். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துவிடுவார். ராஜபாளையத்தில் இறங்கினால் மில் கேட் வரைக்கும் நேர் ரோடு, அதிலும் சிக்கல் இல்லை. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடம், பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து சரியான பஸ்ஸின் படியில் கால் வைக்கிற வரைக்கும், அதுதான் மலை மாதிரி நின்றது.

முதல் நாள் தனியாக வந்தபோது கூவுகிற ஆள் அத்தையின் கையைப் பிடித்துத் தன் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்துவிட்டான். இப்போதே எடுக்கிறோம் என்று சத்தியம் செய்தான். அத்தை உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு கவர்மென்ட் பஸ் கிளம்பிப் போயிற்று. அடுத்த நாள் அவனைத் தவிர்த்து விசாரித்துப் போகலாம் என்று நின்றால், ஒரு அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையில் காசை வைத்து மூடிவிட்டுப் போனார். அத்தை அதைத் திருப்பிக் கொடுக்க ஆளைத் தேடியதில் அன்றைய பஸ்ஸும் போயிற்று. இன்னொரு நாள் ஒரு படித்த பையன் உதவி செய்கிறேன் என்று கம்பின் நுனியைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தான். கம்பு அத்தைக்குக் கண் மாதிரி. ஒருவர் கண்ணைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்?

மதுரையிலிருந்து செங்கோட்டை போகிற பஸ்களும் ராஜபாளையம் வழியாகத்தான் போகும். ஆனால் அந்தக் கண்டக்டர்களுக்குப் பாதி வழியில் இறங்குகிற குறுக்கு டிக்கெட் பிடிக்காது. "தென்காசி, செங்கோட்டை மட்டும் ஏறு" என்பார்கள். அத்தை கேட்டால், "இது போகாதும்மா" என்று வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். கண் தெரிந்தவன் போர்டைப் பார்த்துச் சண்டை போட்டு ஏறுவான். அத்தை நம்பிவிடுவார். அவர் நம்பினது தப்பா? கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை இல்லையா?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பஸ் ஸ்டாண்டில் மைக் இருக்கிறது, தூணுக்குத் தூண் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. அடுத்த ராஜபாளையம் பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அத்தைக்கு மட்டுமா? எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள், கண் மங்கினவர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும்தானே உதவும்? டைம் கீப்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மைக் தன்னுடையது இல்லை, விளம்பரக்காரருக்கு ஏலத்தில் விட்டது என்றார்.

விளம்பரக்காரரின் கடை பஸ் ஸ்டாண்டின் மாடியில் ஒரு பொந்து மாதிரி இடம். உள்ளே டேப்ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவைக் கடை, நகைக் கடை, மூலத்துக்கு வைத்தியம், நடுநடுவே சாமிப் பாட்டு. நான் விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றிச் சொல்வது தன் ஒப்பந்தத்தில் இல்லை, பிள்ளை காணாமல் போனால் மட்டும் இலவசமாகச் சொல்வேன் என்றார்.

"இதுவும் அதே மாதிரிதான்" என்றேன். "பிள்ளை காணாமப் போனா சொல்லுதீரு. பஸ் காணாமப் போனா சொல்ல மாட்டீரா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒருவர் மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, இந்த ஊரில் பார்வையில்லாத எத்தனை பேர் பஸ் ஏறுகிறார்கள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்து ஒருவர் என்றேன். ஒரு ஆளுக்காக மைக்கா என்றார். ஏறவே விடாவிட்டால் எண்ணிக்கை எப்படி ஐயா கூடும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மனு எங்கே போனதென்று யாருக்குத் தெரியும்? நான் அதற்கப்புறம் நாலு முறை நடந்தேன். ஒருமுறை அவர் லீவு, ஒருமுறை கூட்டம், ஒருமுறை அது போக்குவரத்துக் கழகத்தின் வேலை என்றார்கள். போக்குவரத்துக் கழகத்தின் டெப்போவில் அது நகராட்சியின் வேலை என்றார்கள். பஸ்ஸுக்குப் பிளாட்பாரம் மாற்றுவார்கள், கட்டணக் கழிப்பறை கட்டுவார்கள், ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஆளில்லை.

கூவுகிற ஆளிடமும் பேசிப் பார்த்தேன். லுங்கி கட்டிய ஒல்லியான ஆள். ஏறுகிற ஆளுக்கு இவ்வளவு என்று பிரைவேட் பஸ்காரர்கள் அவனுக்குக் கொடுப்பார்கள். "கவர்மென்ட் பஸ் எங்க நிக்குன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லேன்ப்பா" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? ஏந் தொண்டை, ஏம் பொழப்பு. கவர்மென்ட்டுக்குத் தொண்டை இல்லையாக்கும்?" என்றான்.

அவன் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. யாரைப் பிடித்துத் திட்டினாலும் அவரவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அத்தைக்கு மட்டும் தாமதம் ஏறிக்கொண்டே போனது. நவம்பர் போய் டிசம்பரும் வந்தது. அப்பாக்காரர் பாதி நாள் தானே கொண்டுவந்து விட்டார். சர்ச்சில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகிற பஜனைக் கோஷ்டி ஆரம்பித்துவிட்டார்கள் என்று அத்தை போர்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னபோது குரலில் சந்தோஷமே இல்லை. பண்டிகை நெருங்க நெருங்க வேலை விலகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அப்பாவும் மகளும் பேசி முடிவு செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கள்கிழமை அத்தை தனியாகப் போக வேண்டும், நேரத்துக்கு மில் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் வேலை. சேரவில்லை என்றால் அன்றோடு சரி. அப்பா பின்னால் வரக் கூடாது, நானும் வரக் கூடாது.

அந்த வாரம் எனக்கு விடியல் ஷிப்டு. மில்லில் இருந்தேன். ஒன்பதடித்தது. ஆபீஸ் பக்கம் போனேன். நாற்காலி காலி. போர்டில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் வெளியே வந்து, என்னைப் பார்த்ததும், நீதானே இதை மாட்டினாய், உட்கார் என்றார். நான் உட்கார்ந்தேன். எந்தச் சத்தம் எந்த லைன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் பம்பாயிலிருந்து இங்கிலீஷில் பேசினால் நான் என்ன செய்ய? "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு அறைக்கு லைனைத் தள்ளிவிட்டேன். பம்பாய்க்காரர் காண்டீனில் போய்ப் பேசியிருக்கிறார். மேனேஜர் கத்தினது மில் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

பதினொன்று தாண்டிவிட்டது. எங்கேயாவது விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட் பக்கமிருந்து கம்பு தட்டும் சத்தம் கேட்டது. அத்தை வந்தார். புடவை கசங்கியிருந்தது. நெற்றியில், இடது கண்ணுக்கு மேலே, ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் ஏதோ நம்பர்.

"அண்ணாச்சி, நெத்தியில என்னமோ ஒட்டிருக்காக. பிச்சு விடுங்க" என்றார்.

என்ன நடந்தது என்று அத்தை சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு, ராஜபாளையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற கிருஷ்ணன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம். கண் கேம்ப் என்றால் உங்களுக்குத் தெரியும், புரை விழுந்த கிழவர் கிழவிகளை ஊர் ஊராகப் போய் பஸ் வைத்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் ஒரு பஸ் நின்றிருக்கிறது. சட்டையில் பேட்ஜ் குத்திய காலேஜ் பையன்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கம்போடு ஒரு பெண் வந்து நிற்கிறதைப் பார்த்ததும் இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை ராஜபாளையம் போகணும் என்று சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போகிறேன், விடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கண் தெரியாதவருக்கு வேலை என்று அந்தப் பையன்களின் புத்தியில் ஏறவே இல்லை. பயத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். வலிக்காதும்மா, அரை மணி நேரம்தான், சாப்பாடும் உண்டு என்று சொல்லித் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸுக்குள் இருந்த கிழவிகள் அதற்கு மேல். பக்கத்தில் இருந்த சோழபுரத்துக் கிழவி அத்தையின் தலையைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். "அழாத தாயி. எனக்கு ஒரு கண்ணு போன வருசமே பண்ணியாச்சு. இப்ப ஊசியில நூலு கோக்கேன்." அத்தை அழவில்லை, இறக்கிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்? எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கெட்டவன் கையைப் பிடித்து இழுத்திருந்தால் ஊரே கூடி அவனை அடித்திருக்கும்.

முகாமில் வரிசையில் நிறுத்தி, யாரோ நெற்றியில் வரிசை நம்பர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இது ஆபரேஷன் பண்ணுகிற கண் இல்லையே, உங்களை யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டார்.

"அதைத்தான் சார் நானும் காலையிலயிருந்து கேக்கேன்" என்றாராம் அத்தை.

அதோடு முடிந்ததா? பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து ரோட்டுக்கு வழி கேட்டால், டீக்கடைக்காரர், "கேம்ப்பு இந்தப் பக்கம்மா" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அத்தை மறுபடி வந்தார். இன்னொருவர் மறுபடி திருப்பிவிட்டார். மூன்றாம் முறை அத்தை கம்பை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். சுவரைத் தொட்டுத் தொட்டு ரோட்டுக்கு வந்தார். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டதும், இது எங்கே போகிறது என்று கேட்டார். போர்டு கண்ணுக்குத் தெரியலையா என்று கண்டக்டர் எரிந்து விழுந்திருக்கிறார்.

"தெரியலன்னேன் அண்ணாச்சி. 'ஸ்ரீவில்லிபுத்தூர், ஏறித் தொலை'ன்னாரு. இன்னைக்கு நான் கேட்டதுக்குப் பதில் சொன்ன மொத ஆளு அவருதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ராஜபாளையத்துக்கு மாற வேண்டும். கூவுகிற பக்கம் அத்தை போகவில்லை. கூவாமல் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வண்டியாகப் பார்த்து, அதன் ஓரமாக நின்று ராஜபாளையமா என்று கேட்டார். ஆமாம் என்றது ஒரு குரல். ஏறிவிட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் சத்தம். அத்தையின் அப்பா. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார். மகளைக் கண் கேம்ப்காரர்கள் தூக்கிக்கொண்டு போனதாக யாரோ கடையில் வந்து சொல்லியிருக்கிறார்கள். கிருஷ்ணன்கோவிலுக்கு ஓடி, அங்கே இல்லை என்றதும் இங்கே ஓடிவந்திருக்கிறார். மகளைப் பார்த்ததும் கையைப் பிடித்தார்.

"போதும்ட்டி. வா வீட்டுக்கு. ஒன்னய யாரும் எங்கயும் கொண்டுபோயிருவாக. இதுல வேலை ஒண்ணுதான் கொறச்சல்."

அத்தை கையை உருவிக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"நீங்க என்னப்பா சொன்னீங்க? ராஜபாளையம் வரைக்கும் தனியாப் போணும்னீங்க. நான் கிருஷ்ணன்கோவில்லயிருந்து வந்திருக்கேன். ரெண்டு பஸ் மாறி. ஒருத்தரு கூட வரல."

"நேரத்துக்கு வந்தியா?"

"வரல. நான் நேரத்துக்குத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். தூக்கிட்டுப் போனவுக கண்ணு தெரிஞ்சவுக."

"நாளைக்கும் தூக்கிட்டுப் போனா?"

"நாளைக்கும் எறங்கி வருவேன்."

மகளின் நெற்றியில் பிளாஸ்திரி இருந்த இடம் சிவந்திருந்தது. அதை அவர் கட்டை விரலால் தேய்த்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ? போர்டில் சத்தம் வருகிறது, யாராவது எடுக்கப்போகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். அத்தை சுவரைத் தொட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய் ஹெட்போனை மாட்டினார். அப்பாக்காரர் செத்த நேரம் வாசலில் நின்று மகள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டார். அவருக்கும் எனக்கும் அதில் ஒரு வார்த்தை புரியவில்லை. பிறகு, சாயங்காலம் நான் வரலன்னு சொல்லிருங்க என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறப் போனார்.

இதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆகவில்லை. கண் கேம்ப் கதையையும் சேர்த்து இன்னொரு மனு கொடுத்தேன். படித்தவர் விழுந்து விழுந்து சிரித்தார், பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார், அதோடு சரி. மைக்கில் பட்டுப்புடவை விற்றுக்கொண்டே இருந்தார்கள். செங்கோட்டைக் கண்டக்டர்கள் பொய் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மறு வாரம் எனக்குப் பகல் ஷிப்டு. கிறிஸ்துமஸ் கழிந்து முதல் நாள் வேலை. நான் பஸ் ஸ்டாண்டில் தூண் ஓரமாக நின்றேன். கிட்டே வரக் கூடாது என்று அத்தை முதலிலேயே சொல்லியிருந்தார், கூப்பிட்டால் தவிர வாயைத் திறக்கவும் கூடாது. அத்தை கம்பைத் தட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் பார்த்தார். நேரே வந்து அத்தையின் முழங்கையைப் பிடித்தார், வாம்மா என்று நடந்தார். எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

அத்தை நகரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் இழுத்துப் பார்த்தார். அத்தை நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஐயா, கையை விடுங்க. எங்க போணும்னு மொதல்ல கேளுங்க. கேட்டா நானே உங்க தோளைப் பிடிச்சிக்கிடுவேன்."

பெரிய மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. உதவி செய்ய வந்தால் இந்தக் காலத்தில் இப்படித்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். எனக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. கவர்மென்ட் பஸ் இஞ்சின் போட்டுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தை அதே இடத்தில் நின்று, பொதுவாகக் காற்றைப் பார்த்து, ராஜபாளையத்துக்கு எடுக்கப்போற பஸ் எது என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண், "எனக்கும் அங்கதான் போணும், வாரியா?" என்று கேட்டாள். அத்தை கையை நீட்டினார். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தையே தடவிப் பார்த்து அவள் தோளில் கையை வைத்தார். இரண்டு பேரும் நடந்தார்கள். கூடை இடித்தது, சிரித்துக்கொண்டார்கள், படியேறினார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு அத்தை ஒன்பதுக்கு முன்னாலேயே போர்டில் உட்கார்ந்துவிட்டார். நான் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது கூவுகிற வண்டிதான் கிடைத்தது. தாமதம் என் பெயரில்தான் எழுதினார்கள்.